மாமா தோளில் மிளகாய்ப்பழச் சிவப்பு

என் மாமாவுக்குப் பட்டுப்புடவை நன்றாக எடுக்கும். கேலிக்காகச் சொல்லவில்லை, நேரில் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஜவுளிக்கடைக் கண்ணாடிக்கு முன்னால் விறைப்பாக நின்றுகொண்டு, இடது தோளில் சந்தன நிறப் பட்டின் முந்தி தொங்க, ஜரிகைக்கு மேலே மீசை துடிக்க, யார் கண்ணையும் பார்க்காமல் கூரையில் ஓடும் மின்விசிறியையே பார்த்தபடி நிற்கிற மாமாதான் தீபாவளி என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறார். பட்டாசெல்லாம் அப்புறம்தான். அதிரசம் அதற்கும் அப்புறம்.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. திருச்சி டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து இப்போதுதான் ஓய்வு பெற்றார். ஆள் நல்ல உயரம், அதற்கேற்ற மார்பு, அதற்கேற்காத பெரிய மீசை. மைதானத்தின் இந்தக் கோடியில் அவர் நின்று ஒரு பார்வை பார்த்தால் அந்தக் கோடியில் சட்டையை வெளியே விட்டிருப்பவன் தானாக உள்ளே செருகிக்கொள்வான். அப்படிப்பட்டவர், இரண்டு அக்காக்களுக்குப் பிறகு பிறந்த கடைக்குட்டி. அக்காக்கள் முன்னால் வந்துவிட்டால் விசில் ஊதும் அந்தத் தொண்டை எங்கே போகுமோ தெரியாது. அதிலும் மூத்தவள், அதாவது என் பெரியம்மா, "தம்பி" என்று கூப்பிட்டால் போதும், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் பாதியில் எழுந்து "இந்தா வந்துட்டேன்க்கா" என்று நிற்பார். உடுப்பு எப்போதும் வெள்ளைச் சட்டை. கல்யாணம், காதுகுத்து, தேர், திருவிழா எல்லாவற்றுக்கும் வெள்ளைதான். அவருக்கு அதுதான் பிடிக்கும் போலிருக்கிறது என்று நாங்களும் நினைத்திருந்தோம்.

நானும் மாமாவும் ஒரே நிறம். "மாமாவை உரிச்சு வச்சிருக்கா" என்று நான் பிறந்த அன்றே அம்மா பிறந்த ஊரான லால்குடியிலிருந்து பார்க்க வந்தவர்கள் சொன்னார்களாம். கறுப்பு என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவு நாகரிகம். "நிறம் கொஞ்சம் மட்டு" என்பார்கள். "ஆனா நல்ல களை" என்று கையோடு ஓர் ஒட்டும் போடுவார்கள். பெரியம்மா அந்தச் சுற்றுவழியெல்லாம் போக மாட்டாள். அவளுக்கு நான் "மாமா நிறம்", அவ்வளவுதான்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், பெரியம்மா வீடு அடுத்த தெருவில். இரண்டு குடும்பத்துக்கும் தீபாவளித் துணி எடுக்கும் அதிகாரம் பெரியம்மாவிடம் இருந்தது. யாரும் கொடுத்ததில்லை, அவளாகவே எடுத்துக்கொண்டது. உலகத்தில் உள்ள நிறங்களை அவள் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தாள். ஒன்று எடுக்கும் நிறம், அதாவது உடம்பு நிறத்துக்குப் பொருந்துவது; மற்றது எடுக்காத நிறம். என் தங்கை அப்பாவைப் போல நல்ல சிவப்பு, அதனால் அவளுக்கு எல்லாமே எடுக்கும். கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், ராணி ரோஸ் என்று வருஷம் ஒன்றாக அவள் பாவாடை மாறும். எனக்கு எடுப்பவை சந்தனம், பிஸ்கட், அப்புறம் பெயரே இல்லாத ஒரு நிறம். டிக்காஷன் தண்ணியாகிப்போன நாளில் போட்ட காப்பி மாதிரி இருக்கும் அது. தீபாவளிக் காலையில் சாமி முன்னால் தாம்பாளத்தில் துணிகளை அடுக்கி மஞ்சள் தடவி வைத்திருப்பார்கள். தங்கையின் பாவாடையில் அந்த மஞ்சளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். என் பாவாடையில் இருப்பதிலேயே நல்ல நிறம் அந்த மஞ்சள்தான்.

அழுதிருக்கிறேன். இப்போது சிரித்துக்கொண்டு எழுதினாலும் அப்போது அது சிரிப்பாக இல்லை. தெருவில் எல்லாப் பெண்களும் பூச்சட்டி மாதிரி நிற்கும்போது நான் மட்டும் தூணோடு தூணாக நிற்பேன். பெரியம்மாவுக்கு என்மேல் பிரியம் இல்லை என்று சொல்லவே முடியாது. காய்ச்சல் என்றால் இரண்டு வீட்டுக்கும் நடையாய் நடந்து ரசம் கொண்டுவருபவள் அவள்தான். "பளிச்சுனு போட்டா பளிச்சுனு தெரியும்டி. யாராவது ஒரு வார்த்தை சொல்லிட்டா யாரு கேக்கறது?" என்பாள். அந்த யாராவதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அவருக்குப் பயந்துதான் என் தீபாவளிகள் எல்லாம் பிஸ்கட்டில் போயின.

பிறகு எனக்குப் புனேயில் வேலை கிடைத்தது. தீபாவளிக்கு முதல் நாள்தான் வந்து சேருவேன் என்பதால் துணி எடுக்க நான் இருக்க மாட்டேன். முதல் வருஷம் கடையிலிருந்து வீடியோ காலில் கூப்பிட்டார்கள். என் புதுப் போனுக்கு இருட்டிலும் ஆளை வெளுத்துக் காட்டும் புத்தி உண்டு. அதில் என் முகத்தைப் பார்த்த பெரியம்மா, "புனே தண்ணி ஒத்துக்கிச்சு போல, நிறம் வந்துடுச்சு!" என்று பூரித்துப்போய், வாழ்நாளில் முதல் முறையாக எனக்கு ஓர் ஊதாப் பூ நிறப் புடவை எடுத்துவிட்டாள். பெட்டியோடு வாசலில் வந்து இறங்கிய என்னைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. "போன் பொய் சொல்லுதுடி" என்றாள். அந்த ஊதா என் தங்கைக்குப் போயிற்று. அவளுக்கும் எடுத்தது.

அடுத்த வருஷம் பெரியம்மா போனை நம்பவில்லை. என் நிறத்தில், கைக்கெட்டும் தூரத்தில், சொன்னால் மறுக்காத ஓர் ஆள் இருக்கும்போது போன் எதற்கு என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாமாவைத் தெப்பக்குளம் பக்கம் வரச்சொன்னாள். பை தூக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று மாமாவும் கட்டைப்பையோடு போய் நின்றிருக்கிறார். மாடியில் பட்டுப் பிரிவில் அவரை ஒரு ஸ்டூல் பக்கத்தில் நிறுத்தி, "தம்பி, சட்டைப் பொத்தானைக் கொஞ்சம் தளர்த்திக்கோ, கழுத்து நிறம் தெரியணும்" என்று பெரியம்மா சொன்னபோதுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. புடவையைப் பிரித்துப் போட வந்த விற்பனையாளர் மாமாவிடம் படித்தவர். "வணக்கம் சார்" என்று சொல்லிவிட்டு, முந்தியைக் கையில் வைத்துக்கொண்டு, அதை அவர் தோளில் போடுவதா வேண்டாமா என்று வெகுநேரம் தவித்தாராம். ஒருகாலத்தில் தாமதமாக வந்ததற்காக இதே சார் அவரை மைதானம் முழுக்க ஓடவிட்டிருக்கிறார். கடைசியில் மாமாவே, "போடுப்பா, கையை உதறாமப் போடு" என்றாராம். இதை அம்மா எனக்குப் போனில் சொல்லும்போது இடையில் சிரிப்பு வந்து போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. புரட்டாசி போய் ஐப்பசி வந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்குப் புடவை போட்டுப் பார்க்கும் நாள். ஒரு வருஷம் லீவு முன்கூட்டியே கிடைத்து, இரவு பஸ்ஸில் வந்து இறங்கி, காலையிலேயே நானும் அவர்களோடு கிளம்பிவிட்டேன். கடையில் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நான் போய் நின்றால், பெரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீ பஸ்ல தூக்கமில்லாம வாடிப்போய் வந்திருக்க. இப்ப உன் நிறம் உன் நிறமே இல்லை. தள்ளிக்கோ, தம்பி நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். என் புடவையை மாமாமேல் போட்டுப் பார்ப்பதை நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். நான் முதலில் சொன்ன அந்தக் காட்சியைக் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். சந்தனம், பிஸ்கட், தண்ணிக் காப்பி என்று வரிசையாகப் போட்டார்கள். பக்கத்தில் துணி பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள், "அந்த சாருக்குப் போட்ட மாதிரியே எனக்கும் ஒண்ணு காட்டுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

எனக்குக் கல்யாணம் ஆன வருஷம்தான் விஷயம் முற்றியது. முகூர்த்தப் புடவையையும் பெரியம்மாவே தேர்ந்தெடுத்தாள். வெங்காயத் தோல் நிறம். கல்யாண ஆல்பத்தில் பின்னாலிருக்கும் திரைச்சீலை என்னைவிட நன்றாகத் தெரிகிறது. அதற்கப்புறம் வந்தது தலை தீபாவளி. பெண் வீட்டில் எடுத்துக் கொடுக்கும் புடவை, கணவரோடு கட்டிக்கொண்டு நிற்க வேண்டிய நாள். எனக்கு மிளகாய்ப்பழச் சிவப்பு வேண்டும் என்று இருந்தது. ஆசை என்று சொன்னால் போதாது, அது ஒரு வீம்பு. வயது ஏறிக்கொண்டே போகிறது, ஒருநாளாவது ஓர் எடுக்காத நிறத்தைக் கட்டிக்கொண்டு வெளிச்சத்தில் நிற்காமல் போய்விடுவேனோ என்று பயமாக இருந்தது. பெரியம்மாவிடம் கேட்டேன். "தலை தீபாவளியும் அதுவுமா அவங்க வீட்டு ஆளுங்க பார்க்கற அன்னைக்கா விஷப்பரீட்சை?" என்று முடித்துவிட்டாள். அம்மா, "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஒதுங்கிக்கொண்டாள்.

அதனால் மாமாவைக் கூப்பிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொன்னேன்.

"நான் சொல்லி அக்கா கேட்கவா போறாங்க, பாப்பா?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் மாமா. சிவப்பு ஒண்ணைத் தோள்ல போட்டுக்குங்க. அவங்க கழட்டச் சொன்னா கழட்டாதீங்க. சும்மா நின்னாப் போதும்."

"நிக்கறதுதானே?" என்றார். "நிக்கறதுல ஒண்ணும் கஷ்டமில்லை. பார்ப்போம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அம்மா ஒருவிதமாகச் சொன்னாள், பெரியம்மா வேறுவிதமாகச் சொன்னாள், மாமா சொல்லவே இல்லை. எல்லாவற்றையும் ஒட்டவைத்து எனக்குத் தெரிந்தது இதுதான். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, என்.எஸ்.பி. ரோட்டில் கால் வைக்க இடமில்லை. கடைக்குள் வழக்கம்போல மூன்று பிஸ்கட்டும் ஒரு சந்தனமும் பிரித்துப் போட்டாயிற்று. நான்காவதைப் பெரியம்மா தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அத்தனை வருஷத்தில் முதல் முறையாக அந்த ஸ்டூல் பக்கமிருந்து குரல் வந்தது. "அந்தச் சிவப்பை எடுப்பா" என்றார் மாமா. விற்பனையாளர் எடுத்தார், பிரித்தார், போட்டார். மிளகாய்ப்பழச் சிவப்பு, பச்சைக் கரை, கனமான ஜரிகை. சுற்றியிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்களாம்.

"எடுக்கலை. கழட்டு" என்றாள் பெரியம்மா.

மாமா கழட்டவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே நின்றார். வழக்கமாக அவர் கண்ணாடியைப் பார்க்கவே மாட்டார். அன்று மெல்லக் கண்ணை இறக்கிப் பார்த்திருக்கிறார். பார்த்தவர் பார்த்தபடியே நின்றுவிட்டார் என்றாள் அம்மா. "சார், நல்லா இருக்கு சார்" என்றார் விற்பனையாளர். "உன்னைக் கேட்கலை" என்றார் மாமா, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பெரியம்மா லேசுப்பட்டவள் இல்லை. "ட்யூப் லைட்டுல எல்லாம் எடுப்பாத்தான் தெரியும். வெளியில வெளிச்சத்துல வந்து நின்னுப் பார்த்தாத்தானே வண்டவாளம் தெரியும்" என்றாள். துணியை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பது அவள் எப்போதும் செய்வதுதான். ஆனால் தீபாவளிக் கூட்டத்தில், பாதி ஊர் தன்னிடம் படித்திருக்கும் ஊரில், பட்டுப்புடவையைப் போட்டுக்கொண்டு தம்பி தெருவுக்கு வர மாட்டான் என்ற தைரியத்தில்தான் அவள் அதைச் சொன்னாள். மாமா "வாங்க" என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் இறங்க ஆரம்பித்துவிட்டார்.

முன்னால் மாமா. பின்னால் மீதிப் புடவையைத் தரையில் படாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அந்த விற்பனையாளர். அதற்குப் பின்னால் பெரியம்மா, அம்மா. பில் போடாத சரக்கு வெளியே போகக் கூடாது என்று வாசலில் தடுத்த செக்யூரிட்டியும் வேறு வழி தெரியாமல் கூடவே வந்தார். சுவாமி புறப்பாடு மாதிரி இருந்தது என்று அம்மா சொன்னாள். வாசலில் சாயங்கால வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது. மாமா நடைபாதையின் ஓரத்தில் போய், கொடியேற்றத்துக்கு நிற்பது மாதிரி, குதிகால் சேர்த்து நின்றார். கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டு போயிற்று. எதிரே ஜூஸ் கடையில் நின்ற நான்கைந்து பையன்கள், சிரிப்பதா சல்யூட் அடிப்பதா என்று தெரியாமல், "குட் ஈவினிங் சார்!" என்று கோரஸாகக் கத்தினார்கள். மாமா தலையை அசைத்து, "ம், நேரா நில்லுங்கடா" என்றார்.

"நல்லாப் பாருக்கா" என்றார் பெரியம்மாவிடம். பெரியம்மா பார்த்தாள். வாயைத் திறந்தாள். அதற்குள் மாமா கேட்டார்.

"ஸ்ரீரங்கத்துல படுத்திருக்காரே ரெங்கநாதர், அவரு என்ன நிறம்க்கா?"

சனிக்கிழமை தவறாமல் சேவித்துவிட்டு வருகிற பெரியம்மாவுக்கு இதற்குப் பதில் தெரியாமல் இல்லை. "அவரு பெருமாள்டா! நீ பி.டி. மாஸ்டர்!" என்றாள்.

"நிறம் ஒண்ணுதானே? அவருக்கு பிஸ்கட் கலர்லயா சாத்தறாங்க?"

பெரியம்மா சுற்றுமுற்றும் பார்த்தாளாம். அப்புறம் குரல் இறங்கி, தம்பிக்கு மட்டும் கேட்கும்படி, "யாராவது ஒரு வார்த்தை சொல்லிட்டா அந்தப் பொண்ணு தாங்குவாளாடா?" என்று கேட்டிருக்கிறாள். அம்மா இந்த இடத்தைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. மாமா இடது தோளிலிருந்த முந்தியைச் சரிசெய்துகொண்டு, "இப்ப ஊரே பார்க்குது. யாரு சொன்னா?" என்றார். யாரும் சொல்லவில்லை. மல்லிகைப்பூக் கூடையோடு நின்ற அம்மாள் மட்டும், "பூ வேணுமா சார்?" என்று கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

ஜூஸ் கடைப் பையன்களில் ஒருவன் போட்டோ எடுத்துவிட்டான். அது பள்ளிக்கூடக் குரூப்பில் ஏறி, பழைய மாணவர்கள் குரூப்புக்குத் தாவி, என்னோடு படித்த தோழியின் அண்ணன் வழியாக அன்று ராத்திரிக்குள்ளேயே புனேக்கு வந்துவிட்டது. நான் சமையலறையில் நின்றிருந்தேன். "இது உன் மாமாதானே?" என்ற கேள்வியோடு படம். முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். மீசை, பேண்ட், ஷூ, குறுக்கே பட்டு, பின்னால் முழித்துக்கொண்டு நிற்கிற செக்யூரிட்டி. சிரித்து முடித்து, பெரிதாக்கிப் பார்த்தேன். சிவப்புக்கும் மாமாவின் கழுத்துக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்தேன். அது என் கழுத்தின் நிறம். நான் சிவப்பில் எப்படி இருப்பேன் என்று என் வாழ்நாளில் முதலில் பார்த்தது அப்போதுதான், மீசையோடு. நன்றாக இருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அதைக்கூட அணைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை அசெம்பிளியில் பள்ளிக்கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதாம். மாமா விசிலை ஊதி, "போட்டோ எடுத்தது யாரு?" என்று கேட்டார். யார் பேசுவார்கள்? "கையை ஆட்டி எடுத்திருக்க. பார்டர் கலங்கலா இருக்கு. வேற நல்லது ஒண்ணு இருந்தா அனுப்பு, எங்க அக்கா மகளுக்குக் காட்டணும்" என்று சொல்லிவிட்டு, கொடிப்பாட்டுக்கு அட்டென்ஷன் சொன்னார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அங்கே யாரும் வாயைத் திறக்கவில்லை.

பெரியம்மா சிவப்பை வாங்கினாள். ஆனால் பெரியம்மா பெரியம்மாதான். எதற்கும் இருக்கட்டும் என்று பிஸ்கட்டிலும் ஒன்று வாங்கினாள். தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தால் தாம்பாளத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் மஞ்சள் தடவி இருந்தன. நான் சிவப்பை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து கணவரோடு நமஸ்காரம் செய்தேன். பெரியம்மா என்னை நிமிர்த்தி, தோளைப் பிடித்து, இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு என் மாமியார் போனில், "சிவப்பு ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றதை ஸ்பீக்கரில் கேட்டாள். உள்ளே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பிஸ்கட் புடவையை அம்மா கட்டிக்கொண்டாள்.

இட்லி ஆறுவதற்குள் மாமா வந்துவிட்டார், வழக்கம்போல வெள்ளைச் சட்டையில். நான் புனேயிலிருந்து அவருக்கு ஒரு சட்டை வாங்கி வந்திருந்தேன். நல்ல மயில்கழுத்து நீலம். அட்டைப்பெட்டியைத் திறந்து பார்த்தவர், சட்டையைத் தொடாமல் மூடியை மறுபடியும் போட்டுவிட்டார். ஊரைக் கூட்டித் தெருவில் நின்ற மனுஷன், தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு எதுக்கு பாப்பா? இதெல்லாம் எனக்கு எடுக்காது" என்றார். யாரோ சொல்லிக்கொடுத்து, சின்ன வயதிலேயே மனப்பாடம் ஆகிவிட்ட வார்த்தை அது. லால்குடி வீட்டில் அவருக்குத் தீபாவளிச் சட்டை யார் எடுத்திருப்பார்கள் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. பெரியம்மா என்னைப் பார்த்தாள், என் புடவையைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

பிறகு அந்தப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். சட்டையை எடுத்து, குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அட்டையை உருவி, உதறினாள். "அந்த வெள்ளையைக் கழட்டுடா" என்றாள். மாமா கழட்டினார். பனியனோடு நின்ற அவர் கையைப் பிடித்து இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று நுழைத்து, கீழேயிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டே வந்தாள். அவ்வளவு பெரிய ஆள் கையை அகட்டி வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றார். கடைசிப் பொத்தானுக்கு அவள் எம்பவேண்டியிருந்ததால் அவரே கொஞ்சம் குனிந்துகொடுத்தார். பெரியம்மா காலரை இழுத்துச் சரிசெய்துவிட்டு, "அப்பவே போட்டிருக்கணும்டா உனக்கு. எனக்குத்தான் தெரியலை" என்றாள்.